தேசம்மாள் அசையவில்லை

போட்டிக்கு வந்த நாற்பத்தொரு நினைப்புப் படங்களில் முப்பத்தெட்டில் மழை பெய்தது. நடுவராக வந்திருந்த சிகாமணி விரல்விட்டு எண்ணினார். மழை போதாதென்று பதினேழில் வானவில், ஒன்பதில் மயில். ஒரு மகானுபாவன் மூன்றையும் போட்டு, நடுவே செத்துப்போன தன் நாய்க்குட்டியையும் ஓடவிட்டு, பின்னால் புல்லாங்குழல் வேறு ஊதியிருந்தான். அதை அனுபவித்துவிட்டு எழுந்த ஒரு தொழிலதிபர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நாயே கிடையாது சார். ஆனா அதை நினைச்சாலே தொண்டையை அடைக்குது."

"அந்த நாய்க்கும் அடைச்சிருக்கும், இந்தப் படத்தைப் பார்த்திருந்தா," என்றார் சிகாமணி.

நினைப்புப் படம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் ஊரில் இன்னும் இரண்டொருவர் இருக்கலாம். கொடுத்து வைத்தவர்கள். இது சுவரில் மாட்டுகிற சமாச்சாரம் இல்லை, திரையில் ஓடுவதும் இல்லை. உங்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்ப்பார்கள். பதினொரு நிமிஷம். எழுந்திருக்கும்போது நீங்கள் போகாத ஊரும் பார்க்காத முகமும் உங்களுக்கே எப்போதோ நடந்த பழைய சங்கதி மாதிரி மண்டைக்குள் இருக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடும். மறுபடி வேண்டுமானால் மறுபடி டிக்கெட். இதற்குத்தான் கிண்டியில் இருந்த அந்த அரங்கத்தின் வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

படம் செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள். யாரோ ஒருவரை உட்கார வைத்து ஒரு ஞாபகத்தை நினைக்கச் சொல்லித் தொப்பியில் பிடிப்பார்கள். அப்புறம் மெஷினில் போட்டு அதன்மேல் ரெடிமேட் மழை, ரெடிமேட் மல்லிகை வாசனை, ரெடிமேட் அம்மா குரல் என்று அப்புவார்கள். கல்யாண வீட்டு மேடையில் தெர்மோகோல் யானை நிற்குமே, அந்த லட்சணம்தான்.

சிகாமணிக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். முப்பத்திரண்டு வருஷம் ஓவியக் கல்லூரியில் மாடலை உட்கார வைத்து வரையும் வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரன் உட்கார்ந்திருக்கும் விதத்தைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டிருப்பார். அவர் வாயிலிருந்து 'நன்று' என்று ஒரு வார்த்தை வாங்கிய மாணவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

"ஊடகம் புதுசு, மடத்தனம் பழசு," என்று அரங்கத்து முதலாளியிடமே சொன்னார். "பழைய பாடத்தை ஒழுங்கா படிச்சவன் ஒருத்தன் இதுல கையை வெச்சா, உங்க மயில் கோஷ்டி மூட்டை கட்ட வேண்டியதுதான்."

முதலாளி சிரித்தார். "நீங்களே வையுங்களேன் சார். அடுத்த போட்டிக்கு நாலு மாசம் இருக்கு."

வாய்க்கொழுப்பு எங்கே கொண்டு போய் விடும் பாருங்கள். சிகாமணி சரி என்றுவிட்டார்.

அவருக்கு உதவிக்குக் கொடுக்கப்பட்டவள் ஃபர்சானா. மூளை நரம்புகளைப் பற்றிப் படித்த இன்ஜினியர், முப்பத்தைந்து வயசு, ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துப் பேசுகிறவள். முதல் நாளே தன் சட்டங்களை அவளிடம் விளக்கினார்.

"கடையில வாங்கின சாமான் ஒண்ணும் கிடையாது. உயிருள்ள மாடல் ஒண்ணுதான். தெரிஞ்சதை வரையக் கூடாது, பார்க்கிறதைத்தான் வரையணும். வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்துதான் வரணும். படத்துக்கு வேண்டாதது படத்துல இருக்கப்படாது. எல்லாத்துக்கும் மேல, தப்பு இருந்தா காகிதத்துல ரப்பர் போடாதே, மாடலைத் திருத்து. கை கோணலா இருந்தா, 'கையை இறக்கும்மா'ன்னு சொல்லு. அப்புறம் வரை. மெஷின்ல பூசி மெழுகுற வேலையே நம்மகிட்ட கிடையாது."

"மாடலைத் திருத்துறதுன்னா..." என்று ஆரம்பித்தாள் ஃபர்சானா.

"அதெல்லாம் எனக்கு விடும்மா," என்றார்.

மாடலுக்கு அவர் யோசிக்கவே இல்லை. தேசம்மாளுக்கு ஆள் அனுப்பினார்.

தேசம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறவள். தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில் கல்லூரிக்கு வந்து மாடலாக உட்காருவாள். பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற மாடல்களுக்குப் பத்து நிமிஷத்தில் முதுகு வளையும், கண் வாசலுக்குப் போகும். இவள் கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். 'கொஞ்சம் இடது பக்கம்' என்றால் சரியாகக் கொஞ்சம்தான் திரும்புவாள். அவளை வரைந்து பரிசு வாங்கி வெளிநாடு போனவர்கள் நாலைந்து பேர். அவள் வீடு எங்கே என்று ஒருத்தன் கேட்டதில்லை. சிகாமணியும்தான்.

அவளும் கணவன் ஏகாம்பரமும் வந்தார்கள். ஒரே வருஷத்தில் அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. மகன் இறந்துபோன விஷயம் சிகாமணிக்குக் கல்லூரிக் காவலாளி சொல்லித்தான் தெரியும். அதனால்தான் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஒரு பிரிவு வேணும் தேசம்மா. உன் பையன் கடைசியா வீட்டைவிட்டுக் கிளம்பினது ஞாபகம் இருக்கா?"

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். தேசம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது இல்லாம எனக்கு வேற இன்னா சார் ஞாபகம் கீது?" என்றாள். "லீவு நாள் சார் அது. சூப்ரவைசர் போன் பண்ணிக் கூப்ட்டான், என் ரெண்டு காதால கேட்டேன். போனான், கம்பெனியில டேங்கு வெடிச்சிச்சு. இப்ப கம்பெனிக்காரன் இன்னா சொல்றான் தெரியுமா? நாங்க கூப்டவே இல்ல, பித்தள திருட உள்ள பூந்தான், அப்பத்தான் வெடிச்சதுன்றான். என் கிஷோரு திருடனாம் சார்."

"போன்ல பதிவு இருக்குமே?"

"போன் அவனோட எரிஞ்சிப்போச்சு. அவனுங்க பேசுற ஆப்புல ஒண்ணுமே தங்காதாம்," என்றான் ஏகாம்பரம். "கேட்டவ இவ ஒருத்திதான் சார். கேஸுக்கு இருக்கிற ஒரே சாட்சி. நாலு மாசத்துல கோர்ட்ல ஏத்துவாங்க. இந்த நேரத்துல இது இன்னாத்துக்கு?"

"நாலு பேர் அவன் மூஞ்சியப் பாக்கட்டும்யா," என்றாள் தேசம்மாள். "பாத்தா தெரியும்ல, திருடன் மூஞ்சியா அதுன்னு."

இதையெல்லாம் சிகாமணி கேட்டார். கேட்டாரா என்றால், காதில் விழுந்தது. அவர் கண் அவளுடைய நெற்றி எலும்பில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற அழகில் இருந்தது.

முதல் அமர்வில் அவர் தன் தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் ஞாபகத்துக்குள் எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் ஞாபகம் தவளை மாதிரி தாவும். இவளுடையது அப்படியே நின்றது. உட்கார்ந்து பழகியவள் ஞாபகத்தையும் உட்கார வைத்துவிட்டாள்.

ஆனால் என்ன கண்றாவி அது! பத்துக்கு எட்டு அறை. ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. டிவியில் யாரோ பருப்புப்பொடி விற்கிறார்கள். நடு அறையில் நீலப் பிளாஸ்டிக் வாளி. பையன் தரையில் உட்கார்ந்து பழையது சாப்பிடுகிறான். போன் அடிக்கிறது. கையெல்லாம் சோறு, அதனால் ஸ்பீக்கரில் போடுகிறான்.

"இன்னாடா, அரை மணி நேரத்துல உள்ள நிக்கணும்."

"இன்னிக்கு லீவுண்ணா. அந்த வால்வு நேத்திலேருந்து ஒழுவுது. கண்ணெல்லாம் எரியுது. நான் வர்ல."

"வர்லன்னா இனிமே எப்பவுமே வராத."

போன் அணைகிறது. பையன் அம்மாவைப் பார்க்கிறான். மீன்கூடையைத் துடைத்துக்கொண்டே தேசம்மாள் சொல்கிறாள்: "போயிட்டு வந்துர்றா. இருக்குற வேலயும் போயிடும்." "நீயுமாம்மா?" என்கிறான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டி, விடுவிடுவென்று போகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுதான் தெரிகிறது.

தொப்பியைக் கழற்றியபோது தேசம்மாளின் கன்னம் முழுக்க ஈரம். தலை மட்டும் ஒரு நூல் அசையவில்லை. ஃபர்சானா தண்ணீர் கொண்டுவரப் போனாள். சிகாமணி நோட்டில் எழுதினார்: ட்யூப்லைட் அணைக்க. டிவி வேண்டாம். வாளி வேண்டாம். வாசல் வெளிச்சம் மட்டும். முகம் தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள் ட்யூப்லைட் அணைந்தது. "வெளிச்சம் வாசல் பக்கத்துலேருந்து மட்டும் வர்ற மாதிரி நினைச்சுக்கோம்மா. அப்படியே பிடி." பிடித்தாள். மூன்றாம் நாள் வாளி போயிற்று, டிவி போயிற்று. பழைய நாட்களில் 'கையை இறக்கு' என்றால் இறக்குகிற அதே பணிவு. எத்தனை அருமையான மாடல்!

நாலாம் நாள் போனுக்கு வந்தார்.

"அந்த போன் வேண்டாம் தேசம்மா. கை அழகையே கெடுக்குது. இரைச்சல் வேற. சும்மா சாப்பிட்டு எழுந்து போற மாதிரி பிடி."

"போனா சார்? அது வந்து..."

"படத்துக்குத்தான்மா."

தேசம்மாள் கண்ணை மூடினாள். வெகுநேரம் ஆயிற்று. பிறகு பையன் போன் இல்லாமல் சாப்பிட்டான், எழுந்தான், போனான்.

அன்று மத்தியானம் ஃபர்சானா அவரை மடக்கினாள். "சார், அந்த போன் அவங்க கேஸ் சார்."

"படத்துலேருந்துதானே எடுக்கிறேன்? அவங்க தலையிலேருந்தா எடுக்கிறேன்?"

"தலையிலேருந்துதான் எடுக்கறீங்க. ஞாபகம் என்ன பீரோவுல வெச்ச போட்டோவா, எடுத்துப் பார்த்துட்டு அப்படியே திருப்பி வைக்க? ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் மூளை அதைப் புதுசா எழுதித்தான் உள்ள வைக்கும். கடைசியா எப்படி நினைச்சாங்களோ அப்படித்தான் உள்ள போகும். நமக்கெல்லாம் இது தினம் நடக்கிறதுதான், கொஞ்சம் கொஞ்சமா மாறும். ஆனா தொப்பி போட்டு அழுத்தமா எடுக்கும்போது எழுத்தும் அழுத்தமா விழும். ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா தாங்கும். நீங்க போட்டிருக்கிற பதினாலு நாள் தாங்காது."

"மத்தவங்களும்தானே மாடல் வெச்சு எடுக்கிறாங்க?"

"அவங்க ஒரு தடவை பிடிச்சுட்டு, மாத்தறதெல்லாம் மெஷின்ல மாத்தறாங்க. நீங்க கேவலம்னு சொல்றீங்களே, அந்த ரப்பர் வேலை. அதுல மாடலுக்கு ஒண்ணும் ஆகாது. நானும் மெஷின்ல எடுத்துத் தர்றேன் சார், ரெண்டு நிமிஷ வேலை." அவருடைய நோட்டைச் சுட்டிக் காட்டினாள். "பார்க்கிறதைத்தான் வரையணும்னு சொன்னீங்க. பையன் திரும்பிப் பார்க்கலை. நீங்க திருப்பப் போறீங்கன்னு நோட்டுல பார்த்தேன்."

சிகாமணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மாணவன்கூட அவரிடம் அவருடைய பாடத்தையே திருப்பிச் சொன்னதில்லை.

"தொப்பி மாட்டிவிட வந்த பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குதாக்கும்! மெஷின்ல எடுத்தா தையல் தெரியும்மா. பார்க்கிறவனுக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரியும். நான் மாடலை உட்கார வைக்க ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்க மாட்டே."

அவள் முதலாளியிடம் போனாள். முதலாளி, தேசம்மாள் கைநாட்டு வைத்த பன்னிரண்டு பக்கப் படிவத்தைக் காட்டினார். அதில் எல்லாம் இருந்ததாம். படிக்கத் தெரியாதவளிடம் பன்னிரண்டு பக்கம் நீட்டியவனுக்கு மனசாட்சி எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும்!

ஏழாம் நாள் பையன் வாசலில் திரும்பினான்.

"அவன் திரும்பலையே சார்," என்று முனகினாள் தேசம்மாள். "திரும்பினா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரும்மா," என்றார் சிகாமணி. இந்த ஒரு வருஷமாக அவள் அதைத் தவிர வேறு எதைத்தான் நினைத்துப் பார்த்திருப்பாள்? காலை வெளிச்சம் பாதி முகத்தில் விழ, பையன் திரும்பிப் பார்த்தான். பத்தாம் நாள் லேசாகச் சிரித்தான். சிரிக்கச் சொல்லி சிகாமணி சொல்லவில்லை. அது தானாக வந்தது. தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

பதினாலாம் நாள் முடிந்ததும் முதல் நாளிலிருந்து பிடித்த பிரதிகள் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். கரட்டுப் படங்களைக் கிழித்துப் போட்டுவிடுவது அவர் வழக்கம். தேறிவந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் தப்புத்தப்பான கோடுகள் கிடக்கக் கூடாது. ஃபர்சானா வேண்டாம் என்று கெஞ்சினாள். அவரே பொத்தானை அழுத்தினார்.

'புறப்பாடு' என்று பெயர் வைத்தார். மழை இல்லை, மயில் இல்லை. அரை இருட்டு அறை, வாசல் வெளிச்சம், எழுந்து போகிற ஒரு பிள்ளை, ஒரு பார்வை. அவ்வளவுதான். ஊர் அழுதது. தொப்பியைக் கழற்றிய பெரிய மனிதர்கள் வாசலுக்கு ஓடி வந்து பிள்ளைகளுக்கு போன் போட்டார்கள். முதல் பரிசை மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்தார்கள். நாய்க்குட்டிக்காரன் காலில் விழுந்தான். சிகாமணி அவன் எழுந்திருப்பதற்குள் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

தேசம்மாளும் வந்து பார்த்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். "அப்படியே கீது சார். அன்னிக்கு எப்படிப் போனானோ அப்படியே!"

சிகாமணிக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஃபர்சானா முகம் வெளுத்து உள்ளே போனாள். அவர் அதைக் கவனித்தார். பொறாமை என்று நினைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அரங்கத்தில் அவருக்குப் பாராட்டு. 'பழைய பாடம், புதிய ஊடகம்' என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். மயில் கோஷ்டியை நார் நாராகக் கிழித்தார். கிழிபட்டவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். மாலையும் கழுத்துமாகக் கீழே இறங்கியபோது ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா சார் பண்ணீங்க என் பொண்டாட்டிய?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"நேத்து வக்கீல் கூப்ட்டு வெச்சிப் பேசினாரு. திங்கக்கெழம சாட்சி சொல்லணும். போன் வந்துச்சே, இன்னா பேசினாங்கன்னு கேட்டாரு. 'போனா? எந்த போன்?'ன்றா சார்! 'புள்ள சாப்ட்டான், எழுந்தான், என்னப் பாத்து சிரிச்சான், போனான்'ன்றா. ஒரு வருஷமா தெனம் பொழுது விடிஞ்சா அந்த போனத்தானே சொல்லிச் சொல்லி அழுதா? பைத்தியமா ஆக்கிட்டீங்களா அவள?" அவன் குரல் உடைந்தது. "இவ சொல்லலன்னா அவன் திருடன்தான் சார். செத்தும் திருடன்."

சிகாமணி உள்ளே ஓடினார். மாலையை எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

உள்ளே ஃபர்சானா அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "ஒரு பிரதிகூட மிச்சம் இல்லை சார். முதல் நாள் பிரதி இருந்திருந்தா கோர்ட்ல அதையே கொடுத்திருக்கலாம். நீங்கதான் அழிச்சீங்க."

"எனக்கு ஞாபகம் இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை இருக்கு. தொப்பியை மாட்டி அவங்களை மறுபடி உட்கார வெச்சு, அந்த போனைத் திரும்ப உள்ள வெச்சுட்டா?"

"வைக்கலாம். அப்ப அது உங்க கற்பனையில வந்த போன். உங்க காதுல விழுந்த குரல். எதிர்க்கட்சி வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். 'இந்தம்மா தலையில இதை வரைஞ்சது யாரு?' சுவத்துல உங்க படத்தைப் பத்தி எவ்வளவு பெரிய போஸ்டர் இருக்கு பாருங்க."

"நான் போய்ச் சாட்சி சொல்றேன்."

"என்னன்னு? அந்தம்மா நினைச்சதை நான் பார்த்தேன்னா? எடுத்துக்கமாட்டாங்கன்னு முதலாளியோட வக்கீலே சொல்லிட்டார். விசாரிச்சுட்டேன்." அவள் மேஜைமேல் இருந்த தொப்பியைத் தள்ளி வைத்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. தொப்பி இல்லாம, வெறும் வாயால சொல்லிப் பாருங்க. நடந்தது நடந்தபடி. அழிச்சதுக்கு அடியில ஏதாவது ஒரு நுனி ஒட்டிக்கிட்டு இருந்தா, கேட்கும்போது தானா எழும்பும். சில பேருக்கு எழும்பியிருக்கு. ஆனா ஒண்ணு சார். எதையும் விடக் கூடாது. அவங்களுக்கு வலிக்குமேன்னு ஒரு வார்த்தை விட்டாலும் பிரயோஜனம் இல்லை."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சிகாமணி காசிமேட்டுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாடலின் வீட்டுக்குப் போகிறார். மூன்று பேரிடம் வழி கேட்டார். வீடு அவருக்குத் தெரிந்த வீடுதான். பத்துக்கு எட்டு. ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. நீல வாளி நடுவில் இருந்தது.

தேசம்மாள் முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அவரைப் பார்த்ததும் பரபரத்துப் பாயை உதறிப் போட்டாள்.

"வாங்க சார், வாங்க! நீங்க நல்லா இருக்கணும். இப்பல்லாம் சோறு எறங்குது சார் எனக்கு. படுத்தா தூக்கம் வருது. முன்னல்லாம் கண்ண மூடினா என்னமோ ஒண்ணு வந்து நெஞ்ச அடைக்கும். இன்னான்னே தெரியல, இப்ப அது இல்ல. அவன் சிரிச்ச மூஞ்சிதான் வருது."

ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து நின்றான். சொல்லுங்க என்பது போல் சிகாமணியைப் பார்த்தான்.

சொல்லாமலே எழுந்து போய்விடலாமா என்று அவருக்குத் தோன்றியது. இவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதைத் தன் கையால் கெடுப்பதா? ஆனால் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பையன் திருடன். இதில் எதை விடுவது, எதை வைப்பது என்று சொல்லித் தர அவரிடம் ஒரு பாடமும் இல்லை.

"அம்மா," என்றார். "உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் கவனமா கேளுங்க."

அவர் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்து, கூச்சத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பழைய பழக்கம், முதுகு நேரானது, முகம் அசையாமல் நின்றது.

சிகாமணி சொன்னார். ட்யூப்லைட்டிலிருந்து தொடங்கினார். டிவியில் பருப்புப்பொடி விற்றதைச் சொன்னார். பழையது சாப்பிட்ட கையைச் சொன்னார். போன் அடித்ததை, சூப்பர்வைசர் குரலை, வால்வு நேற்றிலிருந்து ஒழுகுகிறது என்று பையன் சொன்னதை, வராவிட்டால் இனி எப்போதும் வராதே என்றதைச் சொன்னார். அந்த இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். ஏகாம்பரமும் பார்த்தான்.

தேசம்மாள் கண் கலங்கியிருந்தது. "அப்புறம் சார்?" என்றாள்.

அவர் மிச்சத்தையும் சொன்னார். ஒரு வார்த்தை விடவில்லை. மீன்கூடையைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னதை, 'நீயுமாம்மா' என்று பையன் கேட்டதை, தட்டைத் தள்ளியதை, திரும்பிப் பார்க்காமல் போன முதுகை.

"இது உங்க கிஷோர்மா," என்றார். "நான் பார்த்தேன். நான்தான் எடுத்துட்டேன்."

"இல்ல சார்." அவள் அவருக்காக இரக்கப்பட்டவள் போல் மெதுவாகத் தலையாட்டினாள். "என் புள்ள சிரிச்சிக்கினேதான் போனான். எனக்குத் தெரியாதா? நீங்க பாத்தது வேற யார் வூட்டுக் கதையோ. நிறைய பேர் தல மேல தொப்பி வெக்கிறீங்க இல்ல, மாறிப்போயிருக்கும்."

ஏகாம்பரம் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

தேசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கேட்ட கதை அவளை விடவில்லை. முகம் மெல்ல மெல்லக் கோணியது. வெறுப்பில் மூக்கு விடைத்தது.

"ஆனா ஒண்ணு சார். ஒழுவுதும்மா, கண்ணெரியுதும்மான்னு புள்ள வாய்விட்டுச் சொல்லுது. அத்த கேட்டுக்கினே, போயிட்டு வாடான்னு தள்ளிக்கிறாளே..." என்றாள். "அவல்லாம் ஒரு பெத்தவளா சார்?"